நெட் இல்லாத ஊருக்கு டேப்லெட்டில் வீடியோ ஏற்றி அனுப்புவது எப்படி?

கேள்வி: தாட்டோன் தமிழ் வகுப்பு

அனைவருக்கும் வணக்கம். மியான்மரில், யாங்கோனில் ஒரு கம்ப்யூட்டரில் இருக்கும் வீடியோக்களை டேப்லெட்டில் ஏற்றி, தாட்டோன் பக்கம் நடக்கும் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு அனுப்ப வேண்டும். அங்கே வைஃபை கிடையாது. போன் சிக்னலை நம்பிப் பாடம் நடத்தவும் முடியாது. ஆகவே கிளவுடில் ஏற்றுங்கள், லிங்க் அனுப்புங்கள் என்ற யோசனைகள் உதவாது. வீடியோ டேப்லெட்டுக்குள்ளேயே இருந்தாக வேண்டும்.

கம்ப்யூட்டர் விண்டோஸ் 10, மேசைக் கணினி, யுபிஎஸ் இல்லை. டேப்லெட் ஆண்ட்ராய்டு 12. உள் மெமரி 32 ஜிபி, அதில் காலியாக இருப்பது 17 ஜிபி. கூடவே 64 ஜிபி மைக்ரோ எஸ்டி கார்டு ஒன்று இருக்கிறது.

ஏற்ற வேண்டியவை: எம்பி4 பாட வீடியோ 60, ஒவ்வொன்றும் சுமார் 400 எம்பி. பூக்குழித் திருவிழாப் பதிவு மூன்று. கேமராக்காரர் கொடுத்த எம்டிஎஸ் ஃபைல்கள், ஒவ்வொன்றும் 50 நிமிடம், 9 ஜிபி. பிள்ளைகளுக்காகக் கடல், விலங்குகள் பற்றிய ஆவணப்படங்கள் சில. அவை எம்கேவி வகை வீடியோ ஃபைல்கள், தமிழ்த் துணைவரி (சப்டைட்டில்) தனி எஸ்ஆர்டி ஃபைலாக உள்ளது.

சிக்கல்கள்: கேபிளைச் செருகினால் டேப்லெட் சார்ஜ் மட்டும் ஏறுகிறது, கம்ப்யூட்டரில் ஒன்றும் தெரிவதில்லை. கார்டை ரீடரில் போட்டுக் காப்பி செய்தால் திருவிழா ஃபைல் மட்டும் 'மிகப் பெரிது' என்று நின்றுவிடுகிறது. ஆவணப்படங்களில் இரண்டில் படம் ஓடுகிறது, சத்தம் வரவில்லை. துணைவரி கட்டம் கட்டமாகத் தெரிகிறது. ஒவ்வொன்றுக்கும் காரணம் தெரிந்தால் மற்ற ஆசிரியர்களுக்கும் சொல்லிக் கொடுக்கலாம்.

பதில் 1: பெகு ரிப்பேர்

வணக்கம் டீச்சர். முதலில் கேபிள். சார்ஜ் ஏறுகிறது என்பதால் கேபிள் நல்லது என்று ஆகிவிடாது. யுஎஸ்பி கேபிளில் மின்சாரத்துக்கு ஒரு ஜோடிக் கம்பியும் டேட்டாவுக்கு இன்னொரு ஜோடியும் வேண்டும். பவர் பேங்க், மேசை விளக்கு ஆகியவற்றோடு வரும் மலிவுக் கேபிள்கள் பலவற்றில் டேட்டா ஜோடியே இருக்காது. போனிலிருந்து கம்ப்யூட்டருக்குப் போட்டோ எடுக்கப் பயன்படும் கேபிள் ஏதாவது இருந்தால் அதைப் போட்டுப் பாருங்கள். சிபியு பெட்டியின் முன்பக்கத் துளையை விட்டுவிட்டு, பின்னால் மதர்போர்டிலேயே இருக்கும் துளையில் செருகுங்கள். முன்பக்கத் துளைக்கு உள்ளே இன்னொரு ஒயர் போகிறது. அது தளர்ந்திருந்தால் காப்பி பாதியில் அறுந்துவிடும்.

அடுத்தது டேப்லெட். ஆண்ட்ராய்டு பாதுகாப்புக்காக முதலில் 'சார்ஜ் மட்டும்' என்ற நிலையில்தான் நிற்கும். திரைப் பூட்டைத் திறந்து, மேலிருந்து கீழே இழுத்து, யுஎஸ்பி பற்றிய அறிவிப்பைத் தொட்டு 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பூட்டு திறக்காமல் இருந்தால் கம்ப்யூட்டரில் டேப்லெட்டின் பெயர் தெரியும், ஆனால் உள்ளே போனால் காலியாக இருக்கும். பலர் இதைப் பார்த்துவிட்டு டேப்லெட் கெட்டுவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். திரையைத் திறந்தால் போதும்.

ஒவ்வொரு முறையும் அது சார்ஜ் நிலைக்கே திரும்பினால்: செட்டிங்ஸில் டேப்லெட் பற்றிய பகுதிக்குப் போய் 'பில்டு நம்பர்' என்ற வரியை 7 தடவை தட்டுங்கள். 'டெவலப்பர் ஆப்ஷன்ஸ்' திறக்கும். அதில் 'டிஃபால்ட் யுஎஸ்பி கான்ஃபிகரேஷன்' என்ற இடத்தில் ஃபைல் டிரான்ஸ்ஃபரை வைத்துவிடுங்கள். மற்ற எதையும் தொட வேண்டாம்.

இவ்வளவுக்குப் பிறகும் கம்ப்யூட்டர் டேப்லெட்டைக் காட்டவில்லை என்றால், உங்கள் விண்டோஸ் எந்தப் பதிப்பு என்று பாருங்கள். பெயரின் கடைசியில் 'என்' என்ற எழுத்து இருந்தால் அதில் மீடியா பகுதிகளை எடுத்துவிட்டிருப்பார்கள். ஆண்ட்ராய்டு பேசும் எம்டிபி என்ற முறை அந்தப் பகுதிகளை நம்பித்தான் வேலை செய்கிறது. 'மீடியா ஃபீச்சர் பேக்' சேர்த்து, கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்தால் சரியாகும்.

காப்பி தொடங்கும்போது விண்டோஸ் சில ஃபைல்களுக்கு 'மாற்றிக் காப்பி செய்யவா, அப்படியே காப்பி செய்யவா' என்று கேட்கும். எப்போதும் 'அப்படியே' என்பதையே அழுத்துங்கள். மாற்றச் சொன்னால் நேரம் இழுக்கும், படத்தின் தரமும் போகும்.

பதில் 2: மோல்மேன் வீடியோ

கேபிள் விஷயத்தைப் பெகு அண்ணன் முடித்துவிட்டார். கார்டுக்கும் திருவிழாப் பதிவுக்கும் வருகிறேன்.

உங்கள் கார்டு ஃபேட்32 முறையில் ஃபார்மேட் ஆகியிருக்கிறது. அந்த முறையில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தொட முடியாது. கணக்காகச் சொன்னால் 4,294,967,295 பைட்டுதான் உச்சம். கார்டில் 50 ஜிபி காலியாக இருந்தாலும் 9 ஜிபி ஃபைல் ஏறாது. 64 ஜிபி கார்டு கடையிலிருந்து வரும்போது வழக்கமாக எக்ஸ்ஃபேட் முறையில்தான் வரும். சில டேப்லெட்டுகள் தாங்களாகவே ஃபார்மேட் செய்யும்போது அதை ஃபேட்32 ஆக்கிவிடும். கம்ப்யூட்டரில் கார்டின் மேல் ரைட் கிளிக் செய்து 'பிராப்பர்ட்டீஸ்' பாருங்கள், ஃபைல் சிஸ்டம் என்ன என்று எழுதியிருக்கும். எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றுவதற்கு முன் கார்டில் உள்ளதை வேறிடத்தில் எடுத்து வையுங்கள், எல்லாம் அழிந்துவிடும். என்டிஎஃப்எஸ் வேண்டாம், பெரும்பாலான ஆண்ட்ராய்டுகள் அதைப் படிக்காது.

எக்ஸ்ஃபேட் கார்டைப் போட்டதும் டேப்லெட் 'கார்டு பழுது, ஃபார்மேட் செய்யவா' என்று கேட்டால், அந்த டேப்லெட்டுக்கு எக்ஸ்ஃபேட் தெரியாது என்று அர்த்தம். சரி என்று அழுத்திவிடாதீர்கள், கார்டில் ஏற்றியதெல்லாம் போய்விடும். ஃபேட்32க்கே திரும்பி, ஃபைல்களைச் சிறிதாக்குவதுதான் வழி. இன்னொன்று: கார்டை உள் மெமரியாகச் சேர்க்கவா என்று கேட்டாலும் வேண்டாம் என்று சொல்லி 'போர்ட்டபிள்' என்பதையே எடுங்கள். உள் மெமரியாகச் சேர்த்தால் கார்டைப் பூட்டு போட்டதுபோல் ஆக்கிவிடும். பிறகு அதைக் கம்ப்யூட்டரிலோ வேறு டேப்லெட்டிலோ படிக்க முடியாது.

உங்கள் விஷயத்தில் எக்ஸ்ஃபேட்டுக்கு மாறினால் மட்டும் போதாது. கணக்குப் போடுங்கள்: பாடங்கள் 24 ஜிபி, திருவிழா 27 ஜிபி, இவை மட்டுமே 51. கார்டில் 64 என்று அச்சடித்திருந்தாலும் விண்டோஸ் 59.6 என்றுதான் காட்டும். தயாரிப்பாளர் 1000ஆல் எண்ணுகிறார், விண்டோஸ் 1024ஆல் எண்ணுகிறது. ஆவணப்படங்களையும் சேர்த்தால் கழுத்தளவு வந்துவிடும். அடுத்த வருடப் பாடத்துக்கு இடம் இருக்காது.

அந்த 9 ஜிபி எங்கிருந்து வருகிறது? கேமரா எம்டிஎஸ் ஃபைலை நொடிக்கு 24 மெகாபிட் வரை எழுதுகிறது. 24 மெகாபிட்டை 3000 நொடியால் பெருக்கி 8ஆல் வகுத்தால் 9000 எம்பி. டேப்லெட் திரைக்கு இவ்வளவு தேவையே இல்லை. நொடிக்கு 3 மெகாபிட் வைத்தால் அதே 50 நிமிடம் 1125 எம்பிக்குள் அடங்கும். எந்த வீடியோவுக்கும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்து, இடத்தை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளலாம்.

ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருள் போதும். 'ஃபாஸ்ட் 720பி30' என்ற தயார் அமைப்பை எடுங்கள். வீடியோ என்கோடர், அதாவது படத்தைச் சுருக்கும் முறை, எச்.264ஆகவே இருக்கட்டும். எச்.265 இன்னும் சிறிதாகும் என்றாலும் பழைய கம்ப்யூட்டரில் பல மடங்கு நேரம் எடுக்கும். ஃபில்டர்ஸ் பக்கத்தில் டீஇன்டர்லேஸ் 'யாடிஃப்' இருக்கிறதா என்று பாருங்கள். கேமராப் பதிவு இன்டர்லேஸ் முறையில் (படத்தின் வரிகளை ஒன்று விட்டு ஒன்றாக இரண்டு தடவையில் பதியும் முறை) இருந்தால், இந்த ஃபில்டர் இல்லாதபோது கரகம் சுழலும் இடத்திலும் பக்தர்கள் பூக்குழியில் ஓடும் இடத்திலும் உருவத்தின் ஓரம் சீப்புப் பல்போலக் கோடு கோடாகத் தெரியும்.

தரத்துக்கான எண்ணைப் பகல் காட்சிக்கு 22இல் வைக்கலாம். பூக்குழி இரவில் எடுத்திருப்பார்கள். இருட்டில் கேமரா போடும் புள்ளி இரைச்சலை மென்பொருள் உண்மையான காட்சி என்று நினைத்து அதற்கும் இடம் ஒதுக்கும், ஃபைல் ஊதிவிடும். 'டீநாய்ஸ்' பகுதியில் 'என்எல்மீன்ஸ்', அதில் 'அல்ட்ராலைட்' போட்டால் தணலின் சிவப்பு கெடாமல் இரைச்சல் மட்டும் குறையும், ஆனால் வேலை மெதுவாகும். ஒலியைக் குறைக்க வேண்டாம்: ஏஏசி முறையில் நொடிக்கு 192 கிலோபிட். தவிலும் நாதசுரமும் சேர்ந்து ஒலிக்கும் இடத்தில் 96 வைத்தால் ஜாலராச் சத்தம் தகரம்போல் ஆகிவிடும். படத்தில் மிச்சம் பிடியுங்கள், மேளத்தில் பிடிக்காதீர்கள்.

கரண்ட் விஷயம் முக்கியம். ஹேண்ட்பிரேக் பாதியில் நின்ற ஃபைலைத் தொடராது, முதலிலிருந்துதான் ஆரம்பிக்கும். ஆகவே 50 நிமிடத்தையும் ஒரே ஃபைலாகப் போடாமல், 'ரேஞ்ச்' என்ற இடத்தில் நொடிக் கணக்கைத் தேர்ந்தெடுத்து 0 முதல் 1000, 1000 முதல் 2000, மீதி என்று மூன்றாகப் பிரித்து வரிசையில் சேருங்கள். கரண்ட் போய் வந்த பிறகு திறந்தால் பழைய வரிசையை மீட்கவா என்று அது கேட்கும். முடிந்த துண்டு பத்திரமாக இருக்கும், நின்ற துண்டை மட்டும் மறுபடி ஓட விடலாம். மடிக்கணினி கிடைத்தால் இந்த வேலையை அதில் செய்வது இன்னும் நல்லது.

சத்தம் வராத ஆவணப்படங்களுக்கு உடனே கன்வெர்ட் செய்ய ஓடாதீர்கள். ஒலி டிடிஎஸ் அல்லது ஏசி3 முறையில் இருக்கும். உரிமச் சிக்கலால் சில பிளேயர்கள் அவற்றைச் சேர்ப்பதில்லை. டேப்லெட்டில் விஎல்சி என்ற பிளேயரைப் போடுங்கள், பெரும்பாலும் அதிலேயே சத்தம் வந்துவிடும். தாட்டோனுக்கு அனுப்பும் முன் யாங்கோனிலேயே நிறுவிவிட வேண்டும் என்பதை மறக்காதீர்கள், அங்கே போய் இறக்க முடியாது.

விஎல்சியிலும் சத்தம் வந்து படம் மட்டும் திக்கினால் காரணம் வேறு. கம்ப்யூட்டரில் 'மீடியாஇன்ஃபோ' என்ற சிறு மென்பொருளில் அந்த ஃபைலைத் திறந்து பாருங்கள். 'மெயின் 10' அல்லது '10 பிட்ஸ்' என்று இருந்தால், மலிவு டேப்லெட்டின் சிப்புக்கு அதை நேரடியாக ஓட்டத் தெரியாமல் இருக்கலாம். அப்போது முழு உழைப்பும் பிராசசர் தலையில் விழும், பேட்டரியும் சீக்கிரம் இறங்கும். அந்த ஃபைலை மட்டும் ஹேண்ட்பிரேக்கில் எச்.264ஆக மாற்றுங்கள்.

கேள்வி கேட்டவர்: தாட்டோன் தமிழ் வகுப்பு

மிக்க நன்றி அண்ணா. வேறு கேபிள் போட்டதும் டேப்லெட் தெரிந்தது. விஎல்சியில் ஆவணப்படத்துக்குச் சத்தமும் வருகிறது. ஆனால் இரண்டு புதிய கேள்விகள். காப்பி நடக்கும்போது கரண்ட் போனது. திரும்பி வந்ததும் பார்த்தால் அந்த நேரத்தில் ஏறிக்கொண்டிருந்த எம்பி4 பாடம் திறக்கவே இல்லை. ஆவணப்படம் ஒன்று திறக்கிறது, ஆனால் கடைசிவரை இருக்கிறதா என்று தெரியவில்லை. இன்னொன்று, சில பாடங்கள் கார்டுக்குப் போகின்றன. அதே ஃபைலை உள் மெமரிக்கு அனுப்பினால் மறுக்கிறது. இடம் தாராளமாக இருக்கிறது.

பதில் 3: யாங்கோன் நெட்வொர்க்

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அந்தப் பாடங்களின் பெயர் நீளமான தமிழில் இருக்கிறதா? ஆண்ட்ராய்டின் உள் மெமரியில் ஒரு ஃபைல் பெயர் 255 பைட்டுக்குள் இருக்க வேண்டும். ஆங்கில எழுத்து ஒரு பைட். தமிழில் ஒவ்வொரு குறியும் மூன்று பைட். 'பாடம்' என்று கண்ணுக்குச் சிறிதாகத் தெரிவது ப, கால், ட, ம, புள்ளி என்று ஐந்து குறி, 15 பைட். ஆகத் தமிழில் 85 குறியைத் தாண்டினால் உள் மெமரி ஏற்காது. ஃபேட்32, எக்ஸ்ஃபேட் கார்டுகள் வேறு விதமாக எண்ணுவதால் 255 குறிவரை தாங்கும், அதனால்தான் அங்கே போகிறது. '07 உயிர்மெய்' என்பதுபோல் எண்ணை முன்னால் வைத்துச் சுருக்குங்கள். ஒற்றை இலக்கத்துக்கு முன் சுழியம் போடுங்கள். இல்லையென்றால் சில பிளேயர்கள் 1க்குப் பிறகு 10ஐக் காட்டும். கேள்விக்குறி, முக்காற்புள்ளி, மேற்கோள் குறி ஆகியவை பெயரில் வேண்டாம்.

இப்போது அறுந்த காப்பி. எம்பி4 ஃபைலில் எந்த நொடி எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணை பல சமயம் ஃபைலின் கடைசியில் எழுதப்பட்டிருக்கும். வால் அறுந்தால் அட்டவணையும் போய்விடும், மீதி 95 சதவீதம் இருந்தாலும் திறக்காது. எம்கேவி அப்படி இல்லை. இருக்கிற வரைக்கும் ஓடும். கேட்க நல்லதாக இருந்தாலும் வகுப்புக்கு இதுதான் ஆபத்து: முதல் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்துச் சரி என்று அனுப்பிவிடுவோம், பிள்ளைகள் பார்க்கும்போது நடுவில் நின்றுவிடும். அட்டவணை முன்னால் இருக்கும்படி செய்த எம்பி4க்கும் இதே கதைதான்.

அதனால் ஓட்டிப் பார்ப்பது சோதனை ஆகாது. பிராப்பர்ட்டீஸில் ஃபைலின் அளவைப் பைட் கணக்கில் இரண்டு பக்கமும் ஒப்பிடுங்கள், கடைசி இலக்கம்வரை ஒன்றாக இருக்க வேண்டும். 60 ஃபைலுக்கு இதைக் கையால் செய்ய முடியாது என்பதால், கேபிளை விட்டுவிட்டுக் கார்டை ரீடரில் போட்டு 'டெராகாப்பி' என்ற காப்பி மென்பொருள் மூலம் ஏற்றுங்கள். அதில் 'வெரிஃபை' என்று ஒன்று உண்டு. எழுதிய பின் கார்டிலிருந்து திரும்பப் படித்து ஒப்பிட்டு, பிசகியதைத் தனியாகக் காட்டும். எம்டிபி கேபிள் வழியில் கார்டு ஒரு டிரைவாகத் தெரியாது என்பதால் இந்த வசதி கிடைக்காது. ரீடர் வழியை நான் வற்புறுத்துவதற்கு இதுவே காரணம். முடிந்ததும் 'எஜெக்ட்' கொடுத்த பிறகே கார்டை உருவுங்கள்.

நேரத்தையும் கரண்ட் வரும் நேரத்தோடு பொருத்திப் பாருங்கள். கார்டின் மேல் வட்டத்துக்குள் 10 என்றோ, வாளி போன்ற குறிக்குள் 1 என்றோ இருந்தால் நொடிக்குக் குறைந்தது 10 எம்பி எழுதும் என்று பொருள். 24 ஜிபி பாடத்துக்கு அந்த வேகத்தில் 40 நிமிடம், சரிபார்க்க மேலும் கொஞ்சம். மொத்தத்தையும் ஒரே தடவையில் இழுத்துப் போடாமல் பத்துப் பத்துப் பாடமாகப் போடுங்கள்.

கார்டு புதிதாக வாங்கியதென்றால் ஏற்றுவதற்கு முன் 'எச்2டெஸ்ட்டபிள்யூ' என்ற கார்டு சோதனை மென்பொருளை ஓட்டிவிடுங்கள். போலி கார்டு 64 என்று சொல்லிக்கொண்டு உள்ளே 8 ஜிபிதான் வைத்திருக்கும். காப்பி முழுவதும் ஏறியதாகக் காட்டும், முதல் சில பாடங்கள் ஓடும், மீதி வெறும் பெயராக இருக்கும். இந்தச் சோதனை கார்டு முழுவதையும் எழுதிப் படிப்பதால் நேரம் பிடிக்கும், இருந்தாலும் வெளியூருக்குப் போகும் கார்டுக்கு இதைத் தவிர்க்கக் கூடாது.

பதில் 4: பெகு ரிப்பேர்

ரீடர் இல்லாதவர்களுக்கு ஒரு வழி. 'லோக்கல்சென்ட்' என்ற இலவச ஆப் கம்ப்யூட்டர், டேப்லெட் இரண்டிலும் இருந்தால் வைஃபை வழியாக அனுப்பலாம். நெட் தேவையில்லை, போன் டேட்டாவும் செலவாகாது. கரண்ட் போய் ரவுட்டர் அணைந்திருந்தால், ஒரு போனின் ஹாட்ஸ்பாட்டைப் போட்டு மடிக்கணினியையும் டேப்லெட்டையும் அதில் சேர்த்துவிடுங்கள். அந்தப் போனில் மொபைல் டேட்டாவை அணைத்தே வைக்கலாம்.

ஒன்றையொன்று காணவில்லை என்றால் விண்டோஸில் அந்த வைஃபையை 'பிரைவேட்' என்று மாற்றுங்கள். 'பப்ளிக்' என்று இருந்தால் ஃபயர்வால் மறைத்துவிடும். ஒன்றிரண்டு பாடம் சேர்க்க இது அருமை. 50 ஜிபிக்கு வேண்டாம்.

ஐபேட் வைத்திருக்கும் ஆசிரியர்கள் விஎல்சியிலேயே வைஃபை வழிப் பகிர்வை இயக்கலாம். ஒரு முகவரி காட்டும், அதைக் கம்ப்யூட்டர் பிரௌசரில் தட்டி ஃபைலை இழுத்துப் போட்டால் நேராக விஎல்சிக்குள் போய்விடும். முடியும்வரை ஐபேட் திரை அணையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பதில் 5: மோல்மேன் வீடியோ

துணைவரி பாக்கி இருக்கிறது. எஸ்ஆர்டி ஃபைலைக் கம்ப்யூட்டரில் நோட்பேடில் திறங்கள். தமிழாகத் தெரிந்தால் 'சேவ் ஆஸ்' கொடுத்து, கீழே என்கோடிங் என்ற இடத்தில் 'யுடிஎஃப்-8' தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள். நோட்பேடிலேயே குப்பையாகத் தெரிந்தால் அது டிஸ்கி, டேப், பாமினி போன்ற பழைய எழுத்துரு முறையில் தட்டியது. யூனிகோடோடு ஒத்துப்போகாத ஜாவ்ஜி என்ற பர்மீஸ் எழுத்துருவோடு இங்கே எல்லோரும் பட்ட பாடுதான் இதுவும். என்எச்எம் கன்வெர்ட்டர் என்ற மென்பொருளில் போட்டு யூனிகோடுக்கு மாற்றிவிட்டு யுடிஎஃப்-8 ஆகச் சேமியுங்கள். நெட் இல்லாமலே வேலை செய்யும்.

துணைவரி ஃபைலின் பெயர் வீடியோவின் பெயராகவே இருக்க வேண்டும், இரண்டும் ஒரே ஃபோல்டரில் இருக்க வேண்டும். வீடியோவின் பெயரைச் சுருக்கும்போது இதையும் சேர்த்துச் சுருக்குங்கள். விஎல்சி செட்டிங்ஸில் துணைவரி எழுத்து முறையையும் யுடிஎஃப்-8 ஆக்கிவிடுங்கள்.

இதற்குப் பிறகும் 'கொ', 'போ' போன்ற எழுத்துகளில் கொம்பு இடம் மாறி நிற்கிறது, புள்ளி வட்டம் தெரிகிறது என்றால் அந்தப் பிளேயருக்குத் தமிழைக் கோர்க்கத் தெரியவில்லை. எழுத்துக் கற்கும் பிள்ளைகளுக்கு அப்படிக் காட்டவே கூடாது. ஹேண்ட்பிரேக்கில் 'சப்டைட்டில்ஸ்' பக்கத்தில் அந்த எஸ்ஆர்டியைச் சேர்த்து, எழுத்து முறை யுடிஎஃப்-8 என்று வைத்து, 'பர்ன் இன்' என்பதைக் குறியிடுங்கள். துணைவரி படத்தோடு படமாகப் பதிந்துவிடும். எந்த டேப்லெட்டிலும் ஒரே மாதிரி தெரியும், அணைக்க மட்டும் முடியாது. முழுப் படத்துக்கும் போடுவதற்கு முன் ரேஞ்சில் 60 நொடியை மட்டும் ஓட்டி, கொம்பும் காலும் சரியாக உட்கார்ந்திருக்கின்றனவா என்று அந்த டேப்லெட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.